பொதுக்கூடத்துக்கு முன்பக்கம் எது?

நான் வரைந்து, நானே பக்கத்தில் நின்று கட்டி, கடைசியில் என்னாலேயே திறக்க முடியாமல் போன கட்டடம் ஒன்று பாகூர் ஏரிக்கரைப் பக்கம் இன்னும் இருக்கிறது. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். அந்த ஊர்க்காரர்களுக்கு என் மேல் கோபம் ஒன்றும் கிடையாது, சிரிப்புதான். கோபமாக இருந்தால் பத்து வருஷத்தில் ஆறியிருக்கும். சிரிப்பு ஆறவே இல்லை.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு எஞ்சினீயரிடம் இரண்டு வருஷம் கட்டடப் படம் வரையக் கற்றுக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றரை வருஷம் அவருக்குப் பென்சில் சீவிக் கொடுத்தேன். (மிச்ச ஆறு மாதத்தில் அவர் ஊருக்குப் போய்விட்டார்.) போகும்போது என்னிடம் ஒரு தடிமனான புத்தகத்தை விட்டுப் போனார். பிரான்ஸ் தேசத்துச் சிற்றூர்களில் பொதுக் கட்டடங்களை எப்படிக் கட்டுவது என்று படத்தோடு சொல்லும் புத்தகம். அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன். வெளியில் போனால் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தேன். வெயிலுக்கும் அதையே தலைக்குப் பிடித்தேன். அதில் எழுதியிருப்பதை நிதானமாகப் படித்தேன் என்று மட்டும் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

இந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் அந்த ஊர் அடங்கிய கொம்யூனின் மேர் என்னை வேலைக்கு எடுத்தார். கொம்யூன் என்றால் பல ஊர் சேர்ந்த பஞ்சாயத்து; மேர் அதற்குத் தலைவர். இவருக்கு நெல்லும் கரும்புமாக நிறைய நிலம், ஒரு மோட்டார் கார், அந்தக் காரை விடவும் சத்தமான குரல்.

"இன்னாப்பா சதாசிவம்," என்றார். "பொறப்பு எழுதறதுக்கு ஒரு எடம், சாவு எழுதறதுக்கு அதே எடம், ஊசி போட வர்றவன் ஒக்கார ஒரு எடம், நெல்லு எட போட ஒரு எடம், பஞ்சாயத்துப் பேச ஒரு எடம். அல்லாத்தையும் ஒரே கட்டடத்துல கொண்டாந்து வச்சுடு. ஜனங்க ஒண்ணொண்ணுக்கும் ஒவ்வொரு பக்கம் அலையக்கூடாது. கட்டடம் நல்லா வந்தா ஒனக்கு வேல நெரந்தரம். வரலன்னா, நீ ஒன் பொஸ்தகத்த எடுத்துகினு போய்க்கினே இரு."

எனக்கு அந்த நிரந்தரம் அவசரமாகத் தேவைப்பட்டது. வில்லியனூரில் பத்திரமும் மனுவும் எழுதிக் கொடுக்கும் கோவிந்தராசுப் பிள்ளை என்பவர் வீட்டில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். அவர் எதையும் எழுத்தில் பார்க்காமல் நம்ப மாட்டார். "கட்டடம் தெறக்கட்டும், வேல நெரந்தரம் ஆவட்டும், அன்னிக்கே வெத்தல பாக்கு மாத்திக்கலாம்" என்று என் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அதுவரைக்கும் பெண் பார்க்கவும் கூடாதாம். பெண்ணின் பெயர் வேதவல்லி என்பது மட்டும் எனக்குத் தெரியும். அந்த ஐந்து எழுத்தை வைத்துக்கொண்டு நான் எட்டு மாதம் கட்டடம் கட்டினேன்.

புத்தகத்தில் முதல் அத்தியாயமே, கட்டுவதற்கு முன் மக்களிடம் போய் என்ன வேண்டும் என்று கேள் என்றுதான் ஆரம்பிக்கும். கேட்டேன். காலில் சப்பாத்து போட்டுக்கொண்டு, நோட்டுப் புத்தகமும் சிவப்புப் பென்சிலுமாகத் தெருத் தெருவாகப் போனேன். ஒரு மிராசுதாரரிடம், "உங்களுக்கு அன்றாடம் என்ன தேவைப்படுகிறது?" என்று கேட்டேன். "மழ" என்றார். சவரம் செய்பவரைக் கேட்டேன். "நெழலு" என்றார். இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

தெளிவாகப் பதில் சொன்னவள் அஞ்சலை ஒருத்திதான். களை எடுக்கவும் நாற்று நடவும் போகிறவள். நாற்பது வயது இருக்கும். ஏரிக்கரை மேல் புல்லுக்கட்டோடு வந்தவளை நிறுத்திக் கேட்டேன். தலைச்சுமையோடு நிற்க வைத்தே கேட்டேன் என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

"சாமி, மூணே மூணுதான்," என்றாள். "வாசல ஏரிக்கரப் பக்கமா வையி. நாங்க அல்லாரும் இந்தாண்டதான் போறோம் வர்றோம். ரோட்டுப் பக்கம் எவ வர்றா? ரெண்டாவது, படி வைக்காத. புள்ளத்தாச்சி ஏற மாட்டா. மூணாவது, தலச்சும எறக்க ஒரு கல்லு. நம்ம தோள் ஒசரத்துக்கு இருந்தா போதும். யாரும் கை குடுக்காம நாமளே எறக்கிக்கலாம், நாமளே தூக்கிக்கலாம்."

மூன்றையும் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டேன். எதிரில் சிவப்புப் பென்சிலால், 'பின்னர் பார்க்கலாம்' என்று குறித்தேன்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தால், பொதுக் கட்டடம் சாலையைப் பார்த்து நிற்க வேண்டும், உயரமான படி வேண்டும், முன்னால் தோட்டமும் சரளைப் பாதையும் வேண்டும் என்று அழகழகான படங்கள். அஞ்சலையா, பிரான்ஸ் தேசமா என்று நான் அதிக நேரம் யோசிக்கவில்லை.

ஆக, கட்டடத்தின் முகம் ரோட்டைப் பார்த்தது. அந்த ரோட்டில் ஒரு நாளைக்கு நான்கு வண்டி போகும். மேருடைய கார் வாரத்துக்கு ஒரு தடவை போகும். வாசலுக்கு ஏழு படி வைத்தேன். (ஏன் ஏழு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.) படியிலிருந்து ரோடு வரைக்கும் செங்கல்லை உடைத்துச் சரளை போட்டுப் பாதை அமைத்தேன். சப்பாத்தோடு நடந்தால் நறநறவென்று கம்பீரமாகச் சத்தம் வரும். அந்த ஊரில் சப்பாத்து போடுகிறவர்கள் மேரும் நானும்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. முன்கதவு இரட்டைக் கதவு, பூ வேலை செய்த தேக்கு. ஏரிக்கரைப் பக்கம் குப்பை அள்ளிக்கொண்டு போவதற்காக ஒரு சின்ன வழி விட்டிருந்தேன். அதற்குக் கதவு போடத் தச்சருக்கு நேரமில்லை. முன்கதவின் பூவிதழ்களைச் செதுக்கவே அவருக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது.

கட்டடம் முடிந்தது. மேர் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார். புதுச்சேரியிலிருந்து ஒரு பெரிய துரை வருவதாக ஏற்பாடு. கருங்கல்லில் ஒரு கல்வெட்டுக்கும் சொல்லியாயிற்று. மேலே துரையின் பெயர், நடுவில் மேருடைய பெயர், அடியில் சின்ன எழுத்தில், 'வரைந்தவர் மு. சதாசிவம்'. நான் முன்கதவை ஒரு பித்தளைப் பூட்டால் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு, அழைப்பிதழ் அச்சடிக்கவும் ரிப்பன் வாங்கவும் புதுச்சேரிக்குப் போய்விட்டேன். ஒரு வாரம் அங்கேயே தங்கிவிட்டேன். சாவி என்னிடம் இருக்கும்போது கட்டடத்துக்குள் யார் போய்விட முடியும் என்று நிம்மதியாக இருந்தேன்.

விழா அன்று காலை பத்து மணிக்கு மேருடைய காரில் வந்து இறங்கினேன். மேளம் வந்திருந்தது. மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. துரையும் வந்துவிட்டார். ஒல்லியான, நல்ல மனிதர். வெயிலில் தக்காளி நிறத்துக்கு வந்திருந்தார். எல்லாம் இருந்தது. ஜனங்கள் மட்டும் இல்லை.

"எங்கப்பா ஊரு?" என்றார் மேர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வந்துருவாங்க. நடவு நேரம்..."

"நடவு முடிஞ்சு இருவது நாள் ஆவுது. கல்லு எங்க?"

கல்வெட்டும் இல்லை. படிக்குப் பக்கத்துச் சுவரில் அதைப் பதிப்பதற்காக நான் விட்டிருந்த சதுரப் பள்ளம் வெறுமையாக இருந்தது. தோரணத்திலிருந்து ஒரு மாவிலையைப் பிய்த்துப் பள்ளத்தை மறைக்கப் பார்த்தேன், அது விழுந்துவிட்டது. இதற்கு நடுவில் எனக்கு வேறொரு கவலையும் இருந்தது. கோவிந்தராசுப் பிள்ளை வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவரையும் காணவில்லை. ஒருவேளை வராமலே இருந்தால் நல்லது என்று அந்த நிமிஷத்தில் ஒரு பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டேன்.

வாசலில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்ட வேண்டும் என்று குருக்கள் சொன்னார். ஆகவே சப்பாத்தை ரோட்டோரம் கழற்றிவிட்டு வரச் சொன்னார். கழற்றினேன். அப்போதுதான், எட்டு மாதத்தில் முதல் தடவையாக, நான் போட்ட பாதையில் வெறுங்காலோடு நடந்தேன். முதல் அடியில் "ஆ" என்றேன். இரண்டாம் அடியில் அதுகூட வரவில்லை. இருபது தப்படி தூரத்தை ஒரு காலைத் தூக்கியும் ஒரு காலைச் சாய்த்தும் கடந்து, ஏழு படியையும் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி முடித்தபோது, மேளக்காரர்கள் என் நடைக்குத் தகுந்த மாதிரி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

துரை ரிப்பனை வெட்டினார். நான் இரண்டு துண்டையும் தோளில் போட்டுக்கொண்டு பித்தளைப் பூட்டைத் திறந்தேன். கதவைத் தள்ளினேன். அசையவில்லை.

"மழ ஈரத்துல மரம் ஊறியிருக்கும்," என்றேன். மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

இன்னும் பலமாகத் தள்ளினேன். உள்ளேயிருந்து ஒரு குழந்தை வீலென்று அழுதது.

மேர் என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன். "உள்ள ஆருய்யா?" என்றார்.

"யாரும் இல்லைங்க. சாவி என்கிட்டதான் இருக்குது," என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். அழுகை நின்றது. யாரோ "ரோ ரோ" என்று தூளி ஆட்டும் சத்தம் கேட்டது. பிறகு பல பேர் சிரிக்கும் சத்தம்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாலு படி பின்னால் இறங்கி, ஓடி வந்து தோளால் ஒரு மோது மோதினேன். அதே நேரத்தில் உள்ளேயிருந்து யாரோ தாழ்ப்பாளை நீக்கினார்கள். மோதுவதற்குக் கதவு இல்லை. நான் நேராக உள்ளே போய், ரிப்பன் கழுத்தைச் சுற்றிக்கொள்ள, தரையில் குப்புற விழுந்தேன். நல்ல தரை. சுண்ணாம்பைக் குழைத்து வழவழவென்று நான்தான் பூசச் சொன்னேன். அதனால் விழுந்த இடத்தில் நிற்காமல் இன்னும் ஒரு கஜம் வழுக்கிக்கொண்டு போனேன்.

தலையைத் தூக்கினால், முன்னால் இரண்டு கொலுசுக் கால்கள். அதற்கு மேல் பச்சைப் புடவை. அதற்கும் மேல் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பெண். ஒரு கையில் தூளிக் கயிறு, இன்னொரு கை தாழ்ப்பாளில்.

"பின்னாண்ட தொறந்துதானே இருக்குது," என்றாள்.

எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். ஊர் மொத்தமும் உள்ளே இருந்தது. என் உத்தரத்தில் நான்கு தூளிகள் தொங்கின. பிறப்பு இறப்பு எழுதப் போட்ட இடத்தில் சவரம் நடந்துகொண்டிருந்தது. (நிழல் கேட்டவர் அவர்தானே.) நெல் எடை போடும் தராசில் ஒரு கைக்குழந்தையை வைத்து, எதிர்த்தட்டில் பூசணிக்காயை ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊசி போடுகிறவர் வந்து, பாதிப் பேருக்குப் போட்டும் முடித்திருந்தார். எல்லாரும் ஏரிக்கரைப் பக்கத்துக் குப்பை வழியாக வந்தவர்கள். ஒரு வாரமாகவே வந்து போய்க்கொண்டிருக்கிறார்களாம். முன்கதவு வழியாக ரோட்டுப் புழுதி வருகிறது என்று உள்ளே தாழ் போட்டிருக்கிறார்கள். விழாவுக்கும் எல்லாரும் நேரத்தோடு வந்து, துரை எப்போது உள்ளே வருவார் என்று காத்திருந்திருக்கிறார்கள்.

நடு மேசையில் ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். கோவிந்தராசுப் பிள்ளை. அவருடைய மாட்டு வண்டிக்காரன் பாகூர்க்காரன். எல்லாரையும் போல ஏரிக்கரை வழியாகவே ஓட்டி வந்து பின்னால் நிறுத்திவிட்டான். உறவுக்காரர் வீட்டைப் பார்க்கும் சாக்கில் மகளையும் கூட்டி வந்திருந்தார். சும்மா உட்காருவானேன் என்று மனு எழுத ஆரம்பித்தவர், ஏழாவது மனுவில் இருந்தார்.

ஆக, தூளிக் கயிற்றோடு நின்றவள் யார் என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. பெண் பார்க்கும் படலம் எங்கள் விஷயத்தில் இப்படித்தான் நடந்தது. அவள் நின்றபடி, நான் தரையில் கிடந்தபடி. வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்தது; ரிப்பனால் துடைத்துக்கொண்டேன்.

துரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நடந்து, கூடத்தைக் கடந்து, குப்பை வழியாக ஏரிக்கரைப் பக்கம் இறங்கினார். மேர் பின்னாலேயே ஓடினார். நானும் நொண்டினேன். வெளியே பூவரச மரத்து நிழலில், செங்கல்லைத் தோள் உயரத்துக்கு அடுக்கி இரண்டு தூண் எழுப்பி, அதன் மேல் ஒரு கருங்கல் பலகையைப் படுக்கப் போட்டிருந்தார்கள். பலகை மேல் அஞ்சலையின் புல்லுக்கட்டு.

அவள் கட்டைத் தூக்கியதும் எழுத்து தெரிந்தது. துரையின் பெயர், மேருடைய பெயர், என் பெயர். கல்லைக் கொண்டுவந்த வண்டியும் ஏரிக்கரை வழியாகத்தான் வந்திருக்கிறது. வண்டிக்காரன் பின்னால் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். கேட்ட கல் வந்துவிட்டது என்று அஞ்சலையும் மற்றவர்களும் நினைத்துக்கொண்டார்கள்.

"சரியான ஒசரம் சாமி," என்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "மறக்காம அனுப்பிச்சிட்ட."

மேருக்கு முகம் கறுத்துவிட்டது. கல்லைத் தூக்கச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் வியர்வை துடைத்துக்கொள்ள நினைத்த துரை, தொப்பியைக் கழற்றி, எங்கே வைப்பது என்று பார்த்து, அந்தக் கல்லின் மேலேயே வைத்தார். துரையே சுமை இறக்கிய கல்லை அதற்குப் பிறகு யார் எடுப்பது?

பிறகு துரை பிரெஞ்சில் மேரிடம், ஜனங்கள் வரும் பக்கத்தைப் பார்த்து இப்படித் திறந்து வைத்தது மிகவும் புத்திசாலித்தனம் என்றார். மேர் அரை நொடி கூடத் தாமதிக்கவில்லை. ஆமாம், ஆரம்பத்திலிருந்தே அதுதான் எங்கள் திட்டம், மரியாதைக்கு முன்பக்கம், மக்களுக்குப் பின்பக்கம் என்று அடித்துவிட்டார். துரை என் பக்கம் திரும்பி, "அப்படியா? உங்கள் யோசனையா?" என்று கேட்டார்.

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை போதும். நிரந்தர வேலை, வெற்றிலை பாக்கு, எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. மேர் கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார். பிறகு கண்ணாலேயே மிரட்டினார். கோவிந்தராசுப் பிள்ளை குப்பை வழியில் பேனாவோடு வந்து நின்றார். அவர் தோளுக்குப் பின்னால் பச்சைப் புடவை. இந்தப் பக்கம் அஞ்சலை, கும்பிட்ட கையை இன்னும் இறக்காமல். அவள் கும்பிட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லை ஐயா," என்றேன் பிரெஞ்சில். "இந்த அம்மா சொன்னார்கள். நான் கேட்கவில்லை. இது குப்பை அள்ளுவதற்காக விட்ட வழி." பிறகு, தமிழிலும் ஒரு தடவை சொன்னேன். சொல்லி முடித்ததும் காலில் ஏறியிருந்த சரளை வலிக்க ஆரம்பித்தது.

துரை சிரித்தார். மேர் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே, நிரந்தரம் கிடையாது, இன்னும் ஆறு மாதம் தற்காலிகம், அதற்குள் சரளையை வாரிக் கொட்டிவிட்டு ஏரிக்கரைப் பக்கம் ஒழுங்காக ஒரு வாசல் வைத்துக் கொடு என்று உத்தரவாயிற்று. அந்த வாசலுக்குப் படம் வரைந்தபோது புத்தகத்தைத் திறக்கவில்லை. அஞ்சலையை நிழலில் உட்கார வைத்து, சுமையை இறக்கச் சொல்லிவிட்டு, கேட்டுக் கேட்டு வரைந்தேன். படி கிடையாது.

கோவிந்தராசுப் பிள்ளையும் தம் பங்குக்கு, "அப்ப வெத்தல பாக்கும் ஆறு மாசம் கழிச்சுதான்" என்று என் அப்பாவிடம் சொல்லிவிட்டு வண்டி ஏறினார். வில்லியனூர் போய்ச் சேர்வதற்குள் அது ஒரு மாதமாகக் குறைந்துவிட்டது. வண்டியில் என்ன நடந்தது என்று கல்யாணத்துக்குப் பிறகு வேதவல்லியிடம் பல தடவை கேட்டிருக்கிறேன். "ஆறு மாசம் விட்டா அந்த ஆளு இன்னும் எங்கனா போயி முட்டிக்குவாருன்னு சொன்னேன்," என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

எங்கள் சொந்த வீட்டுக்கு நான் படம் போட உட்கார்ந்தபோது அவள் பென்சிலை வாங்கி வைத்துக்கொண்டாள். "நீங்க வேலைக்குப் போயிட்டு எந்தப் பக்கமா வருவீங்க? அத மொதல்ல சொல்லுங்க," என்றாள். வயல் வழியாக என்றேன். கிணறு, அடுப்படி, வாசல் எல்லாம் அந்தப் பக்கமே அமைந்துவிட்டன. தெருப் பக்கம் மரியாதைக்கு ஒரு கதவு போட்டோம். அதைத் திறக்கும் பழக்கம் எங்களில் யாருக்கும் வரவில்லை.

பல வருஷம் கழித்து, எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம், பையன் எஞ்சினீயர். நாங்கள் எல்லாரும் குளித்து, உடுத்தி, பஜ்ஜி போட்டு, வயல் பக்கத்து வாசலில் கோலம் போட்டுக் காத்திருந்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. யாரையும் காணோம். அப்போது தெருக் கதவில் தடாரென்று ஒரு சத்தம். வேதவல்லி ஓடிப்போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். பட்டு வேட்டியில் ஒரு பையன், தோள் முன்னால் வர, உள்ளே வந்து விழுந்தான். அவனுக்குப் பின்னால் பழத் தட்டுகளோடு வெயிலில் வேர்த்துப்போய்ப் பன்னிரண்டு பேர்.

அவள் குனிந்து அவனைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு மகளை உள்ளே அனுப்பிவிட்டு, அந்த ஒரே வாக்கியத்தை, இத்தனை வருஷமும் பத்திரமாக வைத்திருந்தவள் மாதிரிச் சொன்னாள்.

"பின்னாண்ட தொறந்துதானே இருக்குது, மாப்ள."